நுரை கூடியதும் இறக்குங்கள்: ஜெர்மனியின் சூடான மசாலா ஒயின் பற்றி

ஜெர்மனியில் உங்களுக்கு இது முதல் டிசம்பர். வேலை முடிந்து எல்லோரும் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போய் க்ளூவைன் என்ற சூடான மசாலா ஒயின் குடிக்கலாம் என்று அலுவலகத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். இது நம் ஊர் சுக்குமல்லிக் காபி போல, குளிருக்குக் குடிக்கும் ஒரு கஷாயமா? சூடாக்கினால் ஆல்கஹால் ஆவியாகிவிடும் என்கிறார்களே, அப்படியென்றால் குடிப்பழக்கம் இல்லாதவர்களும் குடிக்கலாமா? வீட்டில் செய்து பார்க்க வேண்டுமென்றால் எப்படி?

நான் நியூரம்பெர்க்கில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். படிக்கிற காலத்தில் இரண்டு குளிர்காலம் சந்தையில் ஒரு க்ளூவைன் கடையில் வேலை பார்த்தேன். முதல் வருஷம் கோப்பை கழுவும் வேலை, அடுத்த வருஷம் ஊற்றிக் கொடுக்கும் வேலை. அன்றிலிருந்து இந்தப் பானத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அவசரமானது. ஆல்கஹால் போகாது. தூய ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் என்பது உண்மை. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் "சூடாக்கினால் எல்லாம் பறந்துவிடும்" என்று சொல்கிறார்கள். ஆனால் ஒயினில் ஆல்கஹால் தனியாக இல்லை, தண்ணீரோடு கலந்து கிடக்கிறது. 12 சதவீத ஒயினைக் கொதிக்க வைத்தால் அது கொதிக்கத் தொடங்குவதே 90 டிகிரிக்குச் சற்று மேலேதான். அப்போதும் ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்ந்தேதான் ஆவியாகும். ஆல்கஹால் கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதான். சந்தையில் விற்பது கொதிக்கவே கொதிக்காத ஒயின். 70 டிகிரியை ஒட்டி, பெரும்பாலும் மூடிபோட்ட பாத்திரத்தில் இருப்பது.

சட்டமும் இதையே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு விதிப்படி, க்ளூவைன் என்ற பெயரில் விற்கும் பானத்தில் குறைந்தது 7 சதவீதம் ஆல்கஹால் இருந்தாக வேண்டும். 10 சதவீதம் உள்ள 200 மில்லி கோப்பை ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் 20 மில்லி, அதாவது சுமார் 16 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீரில் 400 மில்லி குடித்ததற்குச் சமம். இனிப்பும் சூடும் அதன் காரத்தை மறைத்துவிடுவதால், டீ குடிப்பது போல இரண்டு கோப்பை இறங்கிவிடும். வெறும் வயிற்றோடு வேலையிலிருந்து நேராகப் போகிறவர்கள் தடுமாறுவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். கார் ஓட்டுகிறவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மனியில் ரத்த ஆல்கஹால் வரம்பு ஆயிரத்துக்கு 0.5. உரிமம் வாங்கி முதல் இரண்டு ஆண்டு சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வரம்பு பூஜ்ஜியம். ஒரு கோப்பைகூடக் கூடாது.

இனி, இது கஷாயமா என்ற கேள்வி. உள்ளே போவதை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பட்டை, கிராம்பு, சில வீடுகளில் ஏலக்காய், அன்னாசிப்பூ, இஞ்சி என்று நம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தது போலவே இருக்கும். ஆனால் செய்முறை நேர் எதிர். கஷாயம் என்றால் சுண்டக் காய்ச்ச வேண்டும். எட்டில் ஒன்றாக வற்றினால்தான் மருந்து. இதைக் காய்ச்சினால் கெட்டது. நான் இதை ரசத்தோடுதான் ஒப்பிடுவேன். ரசத்தைத் தளதளவென்று கொதிக்கவிடும் வீட்டில் மணம் தெருவுக்குப் போய்விடும், இலையில் வெறும் புளித்தண்ணீர்தான் விழும். விளிம்பில் நுரை கூடி வரும்போது இறக்குகிறோம் இல்லையா, அந்தக் கணம்தான் இங்கேயும்.

நான் வேலை பார்த்த கடையை நடத்தியது அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. கடைக்குள் இரண்டு பெரிய சூடேற்றிப் பாத்திரங்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி அவற்றிலேயே இருந்தது, இருந்தாலும் அவர் ஒரு நீளமான வெப்பமானியைக் கம்பியில் கட்டித் தனியாகவும் தொங்கவிட்டிருப்பார். முள் 75ஐத் தொட்டால் போதும், பேசிக்கொண்டிருக்கும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் குளிர்ந்த ஒயினை ஒரு குவளை ஊற்றி இறக்குவார். ஒரு நாள் சாயங்காலம் கூட்டம் அதிகம். நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன், ஒரு பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரத் தொடங்கிவிட்டன. கடைக்கு வெளியே மணம் தூக்கியது. வாடிக்கையாளர்கள் "ஆகா, என்ன வாசனை" என்றார்கள். அந்த அம்மா மட்டும் முகம் வாடிப்போய், "வெளியே மணந்தது எல்லாம் இனி கோப்பையில் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி எடுத்து என்னிடம் நீட்டினார். குடித்துப் பார்த்தேன். ஆரஞ்சுத் தோலின் கசப்பும் கிராம்பின் மரமரப்பும்தான் நாக்கில் நின்றன. பழத்தின் ருசி எங்கோ போயிருந்தது. அன்று கற்றது இன்றைக்கும் மறக்கவில்லை.

கொதித்தால் ஏன் இப்படி ஆகிறது என்றால், பட்டையின் மணத்தைத் தரும் சின்னமால்டிஹைடு, கிராம்பின் யூஜினால், ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் மூன்றும் எண்ணெய்த் தன்மை கொண்டவை. தண்ணீரில் சரியாகக் கரையாதவை, ஆல்கஹாலில் நன்றாகக் கரைபவை. ஆகவே மசாலாவின் மணத்தை இழுக்க ஒயினுக்குப் பெரிய சூடு தேவையே இல்லை. மிதமான சூடும் நேரமும் போதும். சூடு கூடினால் இந்த மணங்கள்தான் முதலில் பறக்கின்றன. பின்னால் தங்குவது பட்டையின் துவர்ப்பும் தோலின் வெள்ளைப் பகுதியில் இருக்கும் கசப்பும். 80 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் சர்க்கரையும் சிதைந்து ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபியூரால் என்ற பொருள் உருவாகும். ஒயின் அளவுக்கு மீறிக் காய்ந்ததற்கு அது ஓர் அடையாளம்.

"க்ளூ" என்பது தணல் போலக் கனன்று ஒளிர்வதைக் குறிக்கும் ஜெர்மன் வினைச்சொல்லிலிருந்து வருகிறது. ஸ்வீடன்காரர்கள் சொல்லும் "க்ளக்" என்ற பெயரும் சூடேற்றுதல் என்ற பொருள் கொண்ட சொல்லில் பிறந்ததுதான். ஆனால் மசாலாவும் ஒயினும் கூடிய கதை இந்தப் பெயர்களைவிட மிகப் பழையது. அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலின் முதல் குறிப்பே "கோண்டிட்டும் பாரடோக்ஸும்" என்ற மசாலா ஒயின்தான். 15 ராத்தல் தேனைக் கொஞ்சம் ஒயினோடு வெண்கலப் பாத்திரத்தில் காய்ச்சி, மிளகு, குங்குமப்பூ, ஒருவகைப் பிசின், வறுத்த பேரீச்சங்கொட்டை எல்லாம் சேர்த்து, கடைசியில் நிறைய ஒயின் விட்டுக் கலக்க வேண்டும். முக்கியமான சரக்கு மிளகு. அது எங்கிருந்து போயிற்று என்று உங்களுக்கே தெரியும். யவனர் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்புவதை அகநானூறு சொல்கிறது. அந்தக் கப்பல்களில் இந்தப் பக்கம் வந்ததில் ஒயினும் உண்டு. அரிக்கமேட்டில் கிடைத்த இரண்டு கைப்பிடி மதுச்சாடிகளின் உடைசல்கள் அதற்குச் சாட்சி. புறநானூற்றில் யவனர் தந்த மது "தண்கமழ் தேறல்". குளிர்ச்சியாக மணக்கும் தேறல் என்று அதைக் கொண்டாடினார்கள். நம் மண்ணின் வெயிலுக்கு ஒயின் குளிர்ந்திருப்பதுதான் பெருமை. அதே மிளகு ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே போய்ச் சேர்ந்தபோது, ஒயின் சூடாக இருப்பது பெருமையாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

இடைக்கால ஐரோப்பாவில் இதே வரிசையில் "ஹிப்போக்ராஸ்" என்ற மசாலா ஒயின் பணக்கார வீடுகளில் விருந்தின் முடிவில் வந்தது. துணிப்பையில் வடிகட்டுவார்கள். அந்தக் கூம்புப் பைக்கு கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் சட்டைக்கை என்று பெயர். அதுவே பானத்தின் பெயருமாயிற்று. கெட்டுப்போன ஒயினை மறைக்கத்தான் மசாலா போட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். நான் இதை அப்படியே ஏற்பதில்லை. பீப்பாயில் இருக்கும் ஒயின் அடுத்த அறுவடைக்குள் புளித்துப்போவது அன்று சாதாரணம்தான். ஆனால் கிராம்பு 18ஆம் நூற்றாண்டு வரை உலகத்தில் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து மட்டுமே வந்தது. ஒயினைவிடப் பல மடங்கு விலை அதிகம். புளித்த ஒயினைக் காப்பாற்ற அவ்வளவு விலையுள்ள பொருளை யார் கொட்டுவார்கள்? தன்னிடம் கிராம்பு இருக்கிறது என்று விருந்தாளிக்குக் காட்டத்தான் கொட்டினார்கள்.

எங்கள் ஊர் செழித்ததில் அந்த வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெனிஸ் வழியாக வந்த மசாலாச் சரக்கை நியூரம்பெர்க் வணிகர்கள் வடக்கே பிரித்துக் கொடுத்தார்கள். அப்படிப் பணம் சேர்த்தவர்களை ஊரார் "மிளகு மூட்டை" என்று அழைத்தார்கள், இன்றும் ஜெர்மனில் பெரும் பணக்கார வணிகரை இளக்காரமாகச் சொல்ல அந்தச் சொல் இருக்கிறது. 1505இல் போர்ச்சுகீசியர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய கப்பல்களில் ஆக்ஸ்பர்க்கின் வெல்சர், ஃபுக்கர் குடும்பங்களோடு நியூரம்பெர்க்கின் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பங்களும் பணம் போட்டன. வெல்சரின் ஆள் பால்தசார் ஸ்ப்ரெங்கர் கூடவே கப்பலேறி, கண்ணூர், கொச்சி வரை வந்து திரும்பி, பயணத்தை எழுதி 1509இல் அச்சிட்டார். நியூரம்பெர்க்கின் புகழ்பெற்ற லெப்கூகன் இனிப்புரொட்டி இத்தனை மசாலாவோடு இருப்பதற்கும் இதே வணிகம்தான் காரணம். தோட்டத்தில் ஒரு கிராம்பு மரம்கூட வளராத ஊரின் கிறிஸ்துமஸ் முழுக்கக் கிராம்பு மணப்பது இப்படித்தான்.

ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்கு வயது அதிகம். டிரெஸ்டனின் ஸ்ட்ரீட்செல்மார்க்ட் 1434இல் தொடங்கியது. ஆனால் சந்தையில் எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி க்ளூவைன் கிடைப்பது பழங்காலப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். அது புட்டியில் அடைத்து விற்கப்பட்டதே 1956இல்தான். ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் குன்ஸ்மான் என்பவர் சர்க்கரையும் மசாலாவும் சேர்த்து அடைத்தார். ஒயினில் சர்க்கரை சேர்ப்பது அன்றைய சட்டத்துக்கு விரோதம் என்று அவருக்கு அபராதம் போட்டார்கள். இன்று சட்டமே அந்தப் பெயரைக் காப்பாற்றுகிறது. திராட்சை ஒயினில் மட்டும் செய்ய வேண்டும். முதன்மை மணம் பட்டையோ கிராம்போ ஆக இருக்க வேண்டும். வெள்ளை ஒயின் என்றால் அதைப் பெயரிலேயே சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பெருக்கக் கூடாது.

கடையில் வாங்குவதென்றால் "வின்ட்ஸர் க்ளூவைன்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். திராட்சை பயிரிடுபவரே தன் ஒயினில் செய்தது என்று பொருள். மலிவுப் புட்டிகளில் சர்க்கரை மட்டும்தான் பேசும். எங்கள் பக்கம், ஃபிராங்கன் பகுதியில், சில்வானர் திராட்சையில் செய்த வெள்ளை க்ளூவைன் கிடைக்கும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் வெள்ளையைத்தான் எடுப்பேன். நியூரம்பெர்க்கில் திராட்சைக்குப் பதிலாக அவுரிநெல்லிப் பழ ஒயினில் இதே போலச் செய்த சூடான பானமும் பிரபலம். கருநீலமாக, நாக்கில் சாயம் ஒட்டும்.

வீட்டில் செய்வதற்கு வருகிறேன். நான் முதல் முறை செய்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டைத் தூளைப் போட்டு இருபது நிமிஷம் கொதிக்கவைத்தேன். கோந்து போலக் கொழகொழவென்று, அடியில் சேறு தங்கி, வாயில் வைக்க முடியவில்லை. தூள் எதுவும் கூடாது, எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். பட்டையிலும் வித்தியாசம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா, தடித்த மரப்பட்டை. இதற்கு வேண்டியது இலங்கைக் கறுவா. சுருட்டு போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம், மணம் மென்மையானது. காசியாவில் இருக்கும் கூமரின் என்ற பொருள் அதிகமானால் கல்லீரலுக்கு ஆகாது. கறுவாவில் அது மிகக் குறைவு. ஜெர்மனியில் "சிலோன் ட்ஸிம்ட்" என்று கேட்டால் கொடுப்பார்கள். ஈழத்தமிழர் கடை பக்கத்தில் இருந்தால் கறுவா என்றே கேளுங்கள், அங்கே மலிவாகவும் கிடைக்கும்.

750 மில்லி புட்டி ஒன்று வாங்குங்கள். இனிப்பில்லாத, துவர்ப்புக் குறைந்த சிவப்பு ஒயின்: டோர்ன்ஃபெல்டர், ஷ்பேட்புர்குண்டர், மெர்லோ எதுவும் சரி. ஓக் பீப்பாயில் ஊறியது வேண்டாம், அந்த மரவாசமும் கிராம்பும் சண்டைபோடும். விலையுயர்ந்த ஒயினும் வேண்டாம். ஆனால் தனியாகக் குடிக்க முடியாத ஒயின் சூடாக்கினாலும் குடிக்க முடியாததாகவே இருக்கும். கறுவா இரண்டு குச்சி, கிராம்பு நான்கு, அன்னாசிப்பூ ஒன்று. கிராம்பு ஐந்தைத் தாண்டினால் பல் மருத்துவர் அறையின் வாசனை வந்துவிடும், உண்மையிலேயே அங்கே பயன்படுவதும் யூஜினால்தான். ஏலக்காய் இரண்டு தட்டிப் போடலாம். ஆரஞ்சு ஒன்று, இயற்கை விளைச்சல் பழமாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணப் பழங்களின் தோலில் மருந்தும் மெழுகும் பூசியிருப்பார்கள், தோல் உண்ணத் தகுந்ததல்ல என்று லேபிளிலேயே இருக்கும்.

இதுதான் நான் பல வருஷம் செய்து கண்ட வழி. மசாலாவையும் 50 கிராம் சர்க்கரையையும் ஆரஞ்சுச் சாற்றோடும் அரை டம்ளர் தண்ணீரோடும் சின்னப் பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். கொதிக்க வேண்டியது எல்லாம் இங்கேயே கொதித்து முடிந்துவிடட்டும். தண்ணீர் சேர்த்ததால் சட்டப்படி இதை க்ளூவைன் என்று விற்க முடியாது. வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. அடுப்பைக் குறைத்து ஒயினை ஊற்றுங்கள். ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் மெல்லியதாகச் சீவி இரண்டு துண்டு போடுங்கள். வெப்பமானி இல்லையென்றால் கண்ணால் பாருங்கள். மேலே ஆவி இழை இழையாக எழும்ப வேண்டும், ஒயின் அசையாமல் இருக்க வேண்டும். விளிம்பில் மெல்லிய நுரை வளையம் கட்டியதும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். வடிகட்டி, மறுபடி ஆவி வரும்வரை மட்டும் சூடாக்கித் தடித்த கோப்பையில் ஊற்றுங்கள். மசாலாவைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டால் ராத்திரி ஆக ஆகக் கசக்கும். மிஞ்சினால் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும்.

மற்ற நாட்டுக்காரர்களும் சந்தையில் உங்களோடு நிற்பார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்வீடன்காரர் உலர்திராட்சையும் பாதாமும் கோப்பைக்குள்ளேயே போடுவார். பிரான்சில் வேன் ஷோ, இத்தாலியில் வீன் ப்ரூலே. பிரேசிலில் சூடான ஒயின் ஜூன் மாதத் திருவிழாவின் பானம், அங்கே அதுதான் குளிர்காலம்.

குடித்தால் உடம்பு சூடாகும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஆல்கஹால் தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால் முகமும் கையும் கதகதப்பாகத் தோன்றும், உள்ளே இருக்கும் சூடோ வெளியேறிக்கொண்டிருக்கும். தொப்பியைக் கழற்றாதீர்கள்.

சந்தை முறை பற்றிக் கொஞ்சம். காகிதக் கோப்பை கிடையாது, பீங்கான் கோப்பை. விலையோடு சில யூரோ பிணைத்தொகையும் சேர்த்து வாங்குவார்கள். அதற்கு "ஃபான்ட்" என்று பெயர். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், பிடித்திருந்தால் கோப்பையை வீட்டுக்கே கொண்டுபோகலாம். ஒவ்வொரு வருஷமும் படம் மாறும் ஊர்களில் வரிசையாகச் சேர்ப்பவர்கள் உண்டு. "மிட் ஷுஸ்" என்று கேட்டால் ரம்மோ, அமரெட்டோ என்ற பாதாம் மணமுள்ள இனிப்பு மதுவோ ஒரு மடக்கு மேலே ஊற்றுவார்கள். முதல் நாளே அது வேண்டாம். கோப்பைகளை இடிக்கும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, ஆவி முகத்தில் படப் படப் பேசிக்கொண்டு நிற்பார்கள். அலுவலகத்தில் வருஷம் முழுக்கக் குடும்பப் பேச்சு பேசாதவர்கள் அன்று பேசுவார்கள். அதற்காகவாவது போய்விட்டு வாருங்கள்.

குடிப்பதில்லை என்றால் தயங்கவே வேண்டாம். ஒவ்வொரு கடையிலும் ஆப்பிள், திராட்சைச் சாறுகளில் இதே மசாலாவோடு செய்த கிண்டர்புன்ஷ் இருக்கும். பெயர் குழந்தைகளுக்கானது, ஆனால் பெரியவர்கள் ஏராளமாக வாங்குகிறார்கள். கோப்பையும் பெரும்பாலும் அதேதான், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வரிசையில் நின்று, "ஐனென் கிண்டர்புன்ஷ், பிட்டே" என்று சொன்னால் போதும்.